ஆன்லைன் ஓவல் பந்தயம்: டிராஃப்ட் பிடிப்பது முதல் முந்துவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நீள்வட்டக் களத்தில் நடக்கும் ஓவல் பந்தயத்தைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் முதலில் சொல்வது, "இடது பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தால் போதுமே" என்பதுதான். அமெரிக்காவின் டேடோனா களத்தில் நாற்பது கார்களுக்கு நடுவே, மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை ஓடிப் பார்த்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும். அங்கே காரைத் திருப்புவது சுலபம். பக்கத்தில் இருப்பவர் அடுத்த நொடி என்ன செய்வார் என்று கணிப்பதுதான் கடினம். நாம் என்ன செய்யப்போகிறோம் என்பது அவருக்குத் தெரியும்படி ஓட்டுவது அதைவிடக் கடினம்.

இந்த வழிகாட்டி முழுக்க நான் வலியுறுத்தப்போவது ஒன்றைத்தான். பெரிய ஓவலில் தனி ஆளாக யாரும் வேகமாகப் போக முடியாது. பின்னால் ஒருவர் தள்ளினால்தான் முன்னேற்றம். தடுமாறுகிற காரை, எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாத காரை, யாரும் தள்ளமாட்டார்கள். அதனால் ஓவலில் நல்ல நடத்தையும் வேகமும் சேர்ந்தே வருகின்றன. ஒழுங்காக ஓட்டுகிறவர் என்று பெயர் எடுத்தவருக்குப் பின்னால்தான் வரிசை சேரும்.

எடுத்துக்காட்டுகளை ஐரேஸிங் என்ற கணினிப் பந்தய விளையாட்டை மனதில் வைத்தே எழுதுகிறேன். ஆன்லைன் ஓவல் பந்தயம் மிகத் தீவிரமாக நடப்பது அங்கேதான். கணினியில் ஐரேஸிங் ஓட்டி வளர்ந்த வில்லியம் பைரன் 2024, 2025 என அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் நிஜ டேடோனா 500 பந்தயத்தை வென்றிருக்கிறார். ஐரேஸிங் நிறுவனம் 2025இல் வெளியிட்ட நாஸ்கார் 25 (நாஸ்கார் என்பது அமெரிக்கக் கார் பந்தய அமைப்பு) விளையாட்டுக்கும், மற்ற ஓவல் விளையாட்டுகளுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. முதலில் காற்றைப் புரிந்துகொள்ளுங்கள்

நெடுஞ்சாலையில் பெரிய லாரிக்குப் பின்னால் பைக் ஓட்டியவர்களுக்கு டிராஃப்ட் என்னவென்று உடம்புக்கே தெரியும். லாரியின் நிழலில் இருக்கும்வரை முகத்தில் காற்று அடிக்காது. முந்துவதற்காக வெளியே வந்த கணத்தில் காற்று நெஞ்சில் அறையும்.

பந்தயக் காரிலும் அதேதான் நடக்கிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. 300 கிலோமீட்டர் வேகத்தில் என்ஜினின் சக்தியில் பெரும்பகுதி காற்றைப் பிளக்கவே செலவாகிறது. முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துவிட்டுப் போக, அதன் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பகுதி உருவாகும். அதற்குள் நுழைந்த காருக்குத் தடை குறைவு. பலர் கவனிக்காத விஷயம், முன் காருக்கும் இதில் லாபம் உண்டு என்பது. அதன் முதுகைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டிருக்கும் அந்தக் குறைந்த அழுத்தத்தைப் பின்னால் வரும் கார் நிரப்பிவிடுகிறது. ஆகவே ஒட்டி ஓடும் இரண்டு கார்கள் தனியாக ஓடும் எந்தக் காரையும்விட வேகமானவை. இருவர் சேர்ந்தால் இருவருக்கும் லாபம் என்பதுதான் இந்த விளையாட்டின் அடித்தளம்.

1960 டேடோனா 500இல் ஜூனியர் ஜான்சன், மற்றவர்களுடையதைவிட வேகம் குறைந்த ஒரு செவ்ரோலேவை வைத்துக்கொண்டு, வேகமான கார்களின் பின்னால் ஒட்டிக்கொண்டே ஓடி வென்றார். 1987இல் டாலடேகா என்ற மற்றொரு பெரிய ஓவலில் பாபி அலிசனின் கார் பறந்து வேலியில் மோதியது. அதன் பிறகு, 1988 முதல், டேடோனாவிலும் டாலடேகாவிலும் என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தகட்டைக் கட்டாயமாக்கினார்கள். சக்தி குறைந்ததும் எல்லாக் கார்களுக்கும் ஏறக்குறைய ஒரே வேகம் வந்துவிட்டது. யாரும் யாரையும் விட்டுப் பிரிந்து ஓட முடியாத நிலை. கூட்டமாக ஓடும் பேக் ரேஸிங் இப்படித்தான் வழக்கமானது. விளையாட்டிலும் இந்த இரண்டு களங்களில் பெரும்பாலான நேரம் ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தியே ஓடுவீர்கள். வித்தியாசத்தை உண்டாக்குவது காற்றும் உறவும் மட்டும்தான்.

இன்னும் மூன்று விளைவுகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

சைடு டிராஃப்ட்: உங்கள் காரின் மூக்கை எதிராளியின் பின்சக்கரத்துக்கு அருகே, பக்கவாட்டில் தொடாமல் கொண்டுபோனால், காற்று அவருடைய ஸ்பாய்லர் (காரின் பின்பக்கக் காற்றுத் தடுப்பு) மீது குவிந்து அவரைப் பின்னுக்கு இழுக்கும். இதை அவரும் உங்களுக்குச் செய்ய முடியும்.

ஏரோ புஷ்: திருப்பத்தில் முன் காரை மிக ஒட்டிப் போனால் உங்கள் முன்சக்கரங்களை அழுத்திப் பிடிக்கும் காற்று கிடைக்காது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் சுவரை நோக்கி வழுக்கிப் போகும். சார்லட் போன்ற ஒன்றரை மைல் களங்களில் முந்துவது கடினமாக இருப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

சூடு: வால் பிடித்தே ஓடினால் ரேடியேட்டருக்குப் புதுக் காற்று போகாது. தண்ணீர் வெப்பமானியை அடிக்கடி பாருங்கள். ஏறினால், நேர்ப்பாதையில் அரைக் கார் அகலம் விலகிச் சற்று மூச்சு வாங்கவிடுங்கள்.

2. பந்தயத்துக்குள் நுழையும் முன்

ஸ்பாட்டர், அதாவது பக்கத்தில் கார் இருப்பதைச் சொல்லும் உதவிக் குரலை இயக்கி வைத்துக்கொண்டு, அது சொல்வதை முழுவதும் நம்பப் பழகுங்கள். ஓவலில் பக்கத்தில் இருக்கும் காரைக் கண்ணாடியில் தேட நேரம் கிடைக்காது. "உள்ளே ஒரு கார்", "இன்னும் இருக்கிறது", "க்ளியர்" என்ற இந்த மூன்று அறிவிப்புகளும்தான் உங்கள் பக்கவாட்டுக் கண். ஐரேஸிங்கில் எஃப்3 விசையை அழுத்தினால் வரும் ரிலேட்டிவ் பட்டியலைத் திரையில் நிரந்தரமாக வையுங்கள். முன்னும் பின்னும் யார், எத்தனை நொடி இடைவெளி, யார் ஒரு சுற்றோ அதற்கு மேலோ பின்தங்கியவர் என்பதெல்லாம் அதில் தெரியும். பேசும் பொத்தானை ஸ்டியரிங்கிலேயே கட்டைவிரல் எட்டும் இடத்தில் அமைத்துக்கொள்ளுங்கள்.

இன்டர்நெட் விஷயத்தை நம் ஊர் ஆட்கள் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ அமெரிக்க சர்வரில் ஓடினால் பிங் (தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) 200 மில்லிவிநாடியைத் தாண்டும். 305 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் 0.1 நொடியில் சுமார் 8.5 மீட்டர் ஓடிவிடும். காரின் நீளமே 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவுதான். மற்ற கார்களின் இடத்தை விளையாட்டு கணித்துத்தான் காட்டுகிறது. உங்கள் திரையில் அரை அடி இடைவெளி தெரிந்தாலும் எதிராளியின் திரையில் மோதல் நடந்திருக்கலாம். எனவே தொலைதூர சர்வரில் ஓடும்போது முன்னாலும் பக்கத்திலும் மற்றவர்கள் விடுவதைவிட அதிக இடம் விடுங்கள். இணைப்பு விட்டுவிட்டு வரும் நாளில் டாலடேகா பந்தயத்தில் சேரவே வேண்டாம். வைஃபையைவிட கேபிள் நல்லது.

புள்ளி முறையும் தெரிந்திருக்க வேண்டும். ஐரேஸிங்கில் தடத்தை விட்டு வெளியே போனால் 1, கட்டுப்பாடு இழந்தால் 2, மற்றொரு காரோடு பலமாக மோதினால் 4 என்று விபத்துப் புள்ளிகள் ஏறும். யார் தப்பு என்று கணினி பார்க்காது. இருவருக்கும் ஒரே தண்டனை. புதிதாக வருகிறவர்களுக்கு இது அநியாயமாகத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: தப்பு யாருடையது என்று வாதாடுவதைவிட விபத்து நடக்கும் இடத்தில் இல்லாமல் இருக்க எல்லோரையும் பழக்குவதுதான் இதன் நோக்கம். ரூக்கி என்ற தொடக்கநிலை உரிமத்திலிருந்து டி, சி, பி, ஏ என்று மேலே ஏற, இந்தப் புள்ளிகள் குறைவாக இருந்தால் உயரும் பாதுகாப்பு மதிப்பெண்தான் வழி.

3. வரிசையில் அமைதியாக ஓடக் கற்றுக்கொள்ளுங்கள்

முந்துவதைப் பற்றி யோசிக்கும் முன், ஒரு வரிசையில் இருபது சுற்று யாரையும் தொடாமல் ஓட முடிகிறதா என்று பாருங்கள். ஏஐ கார்களோடு பழகலாம். அதைவிட, ஆட்கள் ஓடும் பயிற்சி அமர்வில் கூட்டத்தின் கடைசியில் சேர்ந்துகொள்வது நல்லது. இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டுகிறவர்கள்தான் பெரிய விபத்துகளின் தொடக்கப் புள்ளியாக இருக்கிறார்கள்.

பார்வையைத் தூரத்தில் வையுங்கள். முன் காரின் பம்பரையே பார்த்துக்கொண்டிருந்தால் அவர் வேகம் குறைத்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். அவருக்கு முன்னால் இருக்கும் இரண்டாவது, மூன்றாவது காரைப் பாருங்கள். அங்கே ஒரு கார் லேசாக ஆடினாலோ, வரிசை சுருங்கினாலோ, உங்களிடம் அந்தச் சுருக்கம் வந்து சேர ஒரு நொடி இருக்கிறது. அந்த ஒரு நொடி போதும்.

இடைவெளியைக் காலால் ஆளுங்கள், ஆனால் மென்மையாக. டிராஃப்டில் முன் காரை நோக்கி உறிஞ்சப்படுவீர்கள். ஆக்சிலரேட்டரைக் குறைக்காவிட்டால் இடித்தே தீருவீர்கள். கொஞ்சம் முன்பாகவே, கொஞ்சமாகக் காலைத் தளர்த்துங்கள். திடீரென்று முழுவதும் காலை எடுத்தால் உங்களுக்குப் பின்னால் இருப்பவர் அதைவிட அதிகம் குறைக்க வேண்டும், அவருக்குப் பின்னால் இருப்பவர் அதற்கும் மேல். நான்காவது ஐந்தாவது காரில் அது மோதலாகிவிடும். அனுபவம் உள்ளவர்கள் வலது காலை ஆக்சிலரேட்டரில் வைத்தபடியே இடது காலால் பிரேக்கை லேசாக உரசவிட்டு வேகத்தைச் சரிசெய்வார்கள். என்ஜின் சுழற்சி விழாது, காரும் முன்னால் குப்புறச் சாயாது. இதைத் தனியாக ஓடும்போது பழகிவிட்டு அப்புறம் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

உங்கள் தடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். டேடோனா 40 அடி அகலம், டாலடேகா 48 அடி. கார் சுமார் இரண்டு மீட்டர் அகலம். டேடோனாவில் மூன்று பேர் பக்கம்பக்கமாக 31 டிகிரி சரிவில் ஏறும்போது எவருக்கும் உபரி இடம் கிடையாது. கீழ் (உள்பக்க) வரிசைக்காரர் திருப்பத்தின் முடிவில் மேலே, அதாவது சுவர்ப் பக்கம், வழிந்தால் நடுவில் இருப்பவர் போக இடமில்லாமல் நசுங்குவார். மூன்று பேர் வரிசையில் நடுவில் மாட்டிக்கொண்டால் ஒரே வேலைதான்: ஆடாமல் நேராக ஓடுவது. அந்த இடத்திலிருந்து முந்த முயலாதீர்கள். அடுத்த நேர்ப்பாதையில் வெளியே வரலாம்.

4. தள்ளுவது

பம்ப் டிராஃப்ட், அதாவது முன் காரின் பம்பரில் உங்கள் பம்பரை ஒட்டித் தள்ளுவது, ஓவலில் ஒருவருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. தவறாகச் செய்தால் அதுவே அவரது பந்தயத்தை முடித்துவிடும்.

நேர்ப்பாதையில் மட்டும் தள்ளுங்கள். இரண்டு கார்களும் ஒரே திசையைப் பார்த்து, மூக்கும் வாலும் நடுவோடு நடுவாகப் பொருந்தியிருக்க வேண்டும். அவருடைய பம்பரின் இடது ஓரத்தில் தள்ளினால் அவர் காரின் மூக்கு வலப்பக்கம், சுவரை நோக்கித் திரும்பும். வலது ஓரத்தில் தள்ளினால் உள்பக்கம் சுழன்று போவார். திருப்பத்தில் அவர் கார் ஏற்கெனவே பக்கவாட்டுப் பிடிப்பின் எல்லையில் இருக்கிறது. அங்கே ஒரு மெல்லிய தட்டு போதும். டேடோனாவின் முன் நேர்ப்பாதையில் ஒரு பொறி இருக்கிறது: அது உண்மையில் நேர்ப்பாதை அல்ல. முடிவுக்கோட்டருகே 18 டிகிரி சரிவோடு ஒரு வளைவு உண்டு. புதியவர்கள் நேராகத்தான் இருக்கிறது என்று நினைத்து அங்கே தள்ளி, முழு வரிசையையும் கவிழ்ப்பதை வாராவாரம் பார்க்கலாம். பின் நேர்ப்பாதைதான் தள்ளுவதற்கான இடம்.

இடிக்காதீர்கள், ஒட்டுங்கள். தொலைவிலிருந்து பாய்ந்து வந்து அடிப்பது தள்ளுவது ஆகாது. வேக வித்தியாசத்தைக் கடைசி இரண்டு கார் நீளத்துக்குள் ஏறக்குறையப் பூஜ்யமாக்கிவிட்டு மெதுவாகத் தொட்டு, அப்புறம் அழுத்துங்கள். திருப்பம் வருவதற்கு முன்பே விலகிவிடுங்கள். பிங் அதிகமாக உள்ளவர்கள் தொடவே வேண்டாம். அரைக் கார் இடைவெளியில் வந்தாலே முன் காருக்குக் காற்றின் உதவி கிடைத்துவிடும்.

தள்ளப்படுகிறவருக்கும் கடமை உண்டு. பின்னால் ஒருவர் ஒட்டியிருக்கும்போது ஸ்டியரிங்கை ஆட்டாதீர்கள், காலைத் தளர்த்தாதீர்கள், தடம் மாறுவதானால் அவரையும் கூட்டிக்கொண்டு நிதானமாக மாறுங்கள். தள்ளு வேண்டாமென்றால் மைக்கில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

5. பெரிய ஓவலில் முந்துவது

முந்துவதற்கான வேகம் முந்தும் இடத்தில் பிறப்பதில்லை. ஒரு திருப்பத்துக்கு முன்பே சின்ன இடைவெளி விட்டு, அதற்குள் உறிஞ்சப்பட்டு, சேர்த்த வேகத்தோடு வெளியே வர வேண்டும். இதைத்தான் ரன் என்கிறார்கள். ஒட்டியபடியே இருந்துவிட்டு வெளியே வந்தால் காற்று அடித்து நின்றுவிடுவீர்கள்.

வெளியே வருமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: என்னோடு யார் வருவார்? தனியாக வரிசையை விட்டு வெளியேறிய கார் உதவியில்லாமல் நின்றுபோகும். வரிசை அதைத் தாண்டிக்கொண்டே போய், பன்னிரண்டு இடம் பின்னால்தான் மறுபடி நுழைய இடம் கிடைக்கும். உங்களுக்குப் பின்னால் இருப்பவருக்கும் உங்களோடு வருவதில் லாபம் இருக்கிற தருணத்தைத் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக, பக்கத்து வரிசை வேகமெடுக்கத் தொடங்கும்போது. "அடுத்த பின் நேர்ப்பாதையில் மேலே போகிறேன்" என்று மைக்கில் ஒரு வரி சொன்னால் பாதி வேலை முடிந்தது. முந்தைய சுற்றுகளில் நீங்கள் அவரைப் பத்திரமாகத் தள்ளியிருந்தால் மீதி வேலையும் முடிந்தது.

பக்கத்தில் ஏறியதும் சைடு டிராஃப்ட் தொடங்கும். அவருடைய பின்சக்கரத்தைக் கடக்கும்போது ஒரு கணம் நெருங்கி அவரைத் தளரச் செய்துவிட்டு, உடனே விலகுங்கள்; நெருக்கத்திலேயே தங்கினால் அவர் உங்களை அதே மாதிரி இழுத்துப் பிடிப்பார். நெருங்குவதென்றால் ஓரடி இடைவெளி. கதவில் சாய்வதில்லை.

அடுத்தது, பலரும் சறுக்கும் இடம்: அவருக்கு முன்னால் நுழைவது. ஸ்பாட்டர் "க்ளியர்" என்று சொன்ன அதே கணத்தில் கீழே இறங்காதீர்கள். உங்கள் பின் பம்பருக்கும் அவர் மூக்குக்கும் நடுவே குறைந்தது ஒரு கார் நீளம் இருக்கட்டும். அவருடைய வேகத்தையும் கணக்கில் எடுங்கள். அவரைப் பின்னாலிருந்து யாராவது தள்ளிக்கொண்டிருந்தால் அந்த ஒரு கார் நீளம் அரை நொடியில் காணாமல்போகும். இடம் போதவில்லை என்றால் இன்னும் ஒரு நேர்ப்பாதை பக்கத்திலேயே ஓடுங்கள். அவசரம் ஒன்றுமில்லை.

பிளாக் செய்வதைப் பற்றி இரண்டு பக்க வாதங்களும் உண்டு. என் கருத்து தெளிவானது. பின்னால் வருகிறவர் இன்னும் தூரத்தில் இருக்கும்போதே நீங்கள் ஒரு தடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே ஓடினால் அது உங்கள் உரிமை. அவர் மேலே போனதைப் பார்த்து நீங்களும் மேலே, அவர் கீழே இறங்கியதைப் பார்த்து நீங்களும் கீழே என்று ஓடினால் அது பிளாக். ஐரேஸிங்கின் விளையாட்டு விதிகளும் அதைத் தடுக்கின்றன. முன்னணியில் இருப்பவர் இரண்டு வரிசைகளுக்கும் நடுவே மாறி மாறி ஓடுவதை நிஜப் பந்தயத்திலும் பார்க்கிறோம், உண்மைதான். ஆனால் நிஜத்தில் அதன் விலை பெரும்பாலும் ஒரு பெரிய விபத்து என்பதையும் சேர்த்தே பார்க்கிறோம். இணையத்தில், தாமதமும் சேர்ந்துகொண்டால், அவர் மூக்கு ஏற்கெனவே உங்கள் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போதுதான் நீங்கள் கதவைச் சாத்துகிறீர்கள்.

டேடோனாவிலும் டாலடேகாவிலும் உள்பக்கம் இருக்கும் இரட்டை மஞ்சள் கோட்டுக்குக் கீழே போய் முந்தக் கூடாது. 2008 டாலடேகா இலையுதிர்காலப் பந்தயத்தில் முடிவுக்கோட்டை முதலில் தொட்டவர் ரீகன் ஸ்மித். மஞ்சள் கோட்டுக்குக் கீழே போய் முந்தினார் என்று வெற்றி டோனி ஸ்டீவர்ட்டுக்குப் போனது. நீங்கள் ஓடும் தொடரில் இந்த விதியை எப்படி அமல்படுத்துகிறார்கள் என்று முன்பே படித்துக்கொள்ளுங்கள். விதி என்னவாக இருந்தாலும் யாரையும் அந்தக் கோட்டுக்குக் கீழே நெருக்கித் தள்ளாதீர்கள். தடத்தின் உள்ஓரச் சமதளமான ஏப்ரனிலிருந்து மேலே ஏறும் கார் கட்டுப்பாடு இழந்து நேராகக் கூட்டத்துக்குள் வரும்.

6. நடுத்தரக் களங்களும் குட்டைக் களங்களும்

இங்கே டிராஃப்டைவிட டயரும் பொறுமையும் முக்கியம். அடிப்படை விதி ஒன்று: திருப்பத்துக்குள் திரும்பத் தொடங்கும் இடத்தில் உங்கள் மூக்கு அவருடைய கதவு வரை வந்திருந்தால் அந்த உள்தடம் உங்களுடையது. பின்சக்கரம் வரைதான் வந்திருந்தால் இல்லை; பின்வாங்குங்கள். உள்தடம் கிடைத்தவர் திருப்பம் முடியும்வரை உள்ளேயே இருக்க வேண்டும். வெளிப்பக்கக்காரருக்குச் சுவருக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு முழுக் கார் அகலம் விட வேண்டும்.

நீண்ட பந்தயத்தின் தொடக்கத்தில் உங்களைவிட வேகமானவர் இரண்டு மூன்று சுற்று பின்னாலேயே வந்தால் நேர்ப்பாதையில் வழி விட்டுவிடுங்கள். அவரோடு மல்லுக்கட்டினால் இருவரின் டயரும் தேயும், முன்னால் போகிறவர்கள் தூரமாகிவிடுவார்கள். இந்தக் கொடுத்து வாங்கும் வழக்கம் ஓவல் ஆட்களிடையே ரொம்ப மதிக்கப்படுவது. பிற்பாடு உங்கள் கார் வேகமாக இருக்கும்போது அவரும் வழி விடுவார்.

ஹோம்ஸ்டெட் போன்ற களங்களில் ஸ்லைடு ஜாப் உண்டு: திருப்பத்துக்குள் கீழே பாய்ந்து, நடுவில் மேலே வழிந்து அவருக்கு முன்னால் போய் நிற்பது. முழுவதும் அவரைத் தாண்டிய பிறகுதான் மேலே வழியலாம். பாதி தாண்டி வழிந்தால் அவருக்குச் சுவர் அல்லது உங்கள் கதவு என்ற இரண்டே வழிதான் மிஞ்சும். சரியாகச் செய்தால் அவர் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, உங்களுக்குக் கீழே குறுக்காகத் திரும்பி இடத்தை மீட்க முடியும். அந்தப் போட்டி பார்க்கவே அழகு.

மார்ட்டின்ஸ்வில் 0.526 மைல் நீளம். காகிதக் கவ்வி வடிவக் களம்; இங்கே பம்பர் உரசாமல் பந்தயமே இல்லை. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா கார்களிலிருந்து நாஸ்கார் டிரக் தொடருக்கு வந்து 2010இல் முதன்முதலில் ஓடியது இந்தக் களத்தில்தான்; 13ஆவதாக முடித்தார். ஃபார்முலா கார் பழக்கத்தில் ஓவலுக்கு வருகிறவர்கள், மற்ற காரைத் தொடுவதே குற்றம் என்ற எண்ணத்தை இங்கே கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். முன்னவரை லேசாகத் தட்டி அவர் தடத்தை விட்டு அரைக் கார் விலகச் செய்து உள்ளே போவது பம்ப் அண்ட் ரன். அவர் சுழன்றுவிட்டால் அது வெறும் இடி. ஐரேஸிங்கில் பலமான தொடுகைக்கு இருவருக்கும் புள்ளி ஏறும் என்பதால், கடைசிச் சில சுற்றுகளைத் தவிர மற்ற நேரத்தில் இதைத் தவிர்ப்பது நல்லது.

2022 அக்டோபர் 30 அன்று அதே மார்ட்டின்ஸ்வில்லில் ராஸ் சாஸ்டெய்ன் கடைசிச் சுற்றில் சுவரோடு சுவராக, ஆக்சிலரேட்டரை விடாமல் உரசிக்கொண்டே ஓடி ஐந்து கார்களைத் தாண்டினார். சிறு வயதில் வீடியோ கேமில் செய்ததை நிஜத்தில் செய்ததாகப் பிறகு சொன்னார். அடுத்த பருவத்துக்கு முன் நாஸ்கார் அதைத் தடுத்துவிட்டது. விளையாட்டு அறைகளில் அதை இன்னும் முயல்கிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள்.

சுற்றில் பின்தங்கியவராக இருக்கிறீர்களா? உங்களுக்கு நீலக் கொடியில் குறுக்கே மஞ்சள் பட்டை தெரியும். பதற வேண்டாம். திடீரென்று வேகத்தைக் குறைப்பதோ தடம் மாறுவதோதான் ஆபத்து. ஒரு தடத்தைத் தேர்ந்தெடுத்து, "கீழே இருக்கிறேன், மேலே போங்கள்" என்று சொல்லி, அதிலேயே ஓடுங்கள். முந்துகிற முன்னணிக்காரரும் அடுத்த திருப்பம் வரை பொறுக்க வேண்டும்.

7. மஞ்சள் கொடி, ரீஸ்டார்ட், பிட்

சுழன்றுவிட்டால் பிரேக்கை முழுவதும் அழுத்திப் பிடித்திருங்கள். சக்கரங்கள் பூட்டிய கார் ஒரே கோட்டில் வழுக்கும். மற்றவர்கள் அதைக் கணித்து விலக முடியும். பிரேக்கை விட்டால் கார் சரிவில் உருண்டு மறுபடி கூட்டத்துக்கு நடுவே வந்துவிடும். நின்ற பிறகு, எல்லாக் கார்களும் கடந்துபோனதை ரிலேட்டிவ் பட்டியலில் உறுதிசெய்துகொண்டே நகருங்கள். தடத்துக்குத் திரும்புகிறவருக்குத்தான் முழுப் பொறுப்பு.

முன்னால் புகை தெரிந்தால் உடனே காலை எடுங்கள். இடைவெளியில் புகுந்து தப்பி இடம் பிடிக்கலாம் என்ற ஆசைதான் ஐந்து கார் விபத்தை இருபது கார் விபத்தாக்குகிறது.

விபத்துக்கான மஞ்சள் கொடிக்குப் பிறகு பந்தயம் மறுபடி தொடங்கும் ரீஸ்டார்ட்டில் முன் காரைவிட முந்திக் கிளம்பாதீர்கள். நின்று இடைவெளி விட்டுப் பாயவும் வேண்டாம். தொடக்கக் கோட்டைத் தாண்டும்வரை தடம் மாறக் கூடாது. கியர் மாற்றும்போது ஒருவர் தவறினால் பின்னால் இருப்பவர் இடிக்காமல் தப்ப, முதல் சில நொடிகளுக்கு அரைக் கார் இடைவெளி போதும்.

டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் பிட்டுக்குப் போவதைக் குறைந்தது ஒரு சுற்று முன்பே மைக்கில் சொல்லுங்கள். திருப்பத்துக்குள் நுழையும்போது மறுபடி சொல்லுங்கள். கூட்டத்தின் நடுவிலிருந்து எவரும் எதிர்பாராமல் பிரேக் போடுவது ஓவலின் மிக மோசமான பழக்கங்களில் ஒன்று. டேடோனா, டாலடேகாவில் தனியாகப் பிட்டுக்குப் போனால் திரும்பி வந்து டிராஃப்ட் இல்லாமல் அல்லாடுவீர்கள். நான்கைந்து பேராகப் பேசிவைத்துக்கொண்டு ஒன்றாகப் போங்கள், ஒன்றாக வெளியேறுங்கள்.

8. மைக்கில் பேசுவது

சுருக்கமாக, தகவலாக, அமைதியாக. "உள்ளே இருக்கிறேன்", "பிட் போகிறேன்", "என் தப்பு, மன்னிக்கவும்". கோபம் வந்தால் பொத்தானிலிருந்து விரலை எடுங்கள். மைக் பொது இடம்தான் என்பதை 2020 ஏப்ரலில் எல்லோரும் பார்த்தோம்: ஓர் ஐரேஸிங் பந்தயத்தில் இன இழிவுச் சொல் ஒன்றைப் பேசிய கைல் லார்சன், சில நாட்களில் நாஸ்காரின் இடைநீக்கத்தையும் ஸ்பான்சர்களின் விலகலையும் அணியின் பணிநீக்கத்தையும் சந்தித்தார்.

9. கடைசி ஐந்து சுற்றுகள்

இங்கே எல்லோரும் கூடுதலாகத் துணிவார்கள். விதிகள் மாறுவதில்லை, இடைவெளிகள்தான் சுருங்குகின்றன. டேடோனாவில் கடைசிச் சுற்றைத் தொடங்கும்போது முதலிடத்தைவிட இரண்டாவது, மூன்றாவது இடம் வசதியானது என்பார்கள். பின்னால் நல்ல கூட்டாளி இருந்தால் அது உண்மைதான். பின் நேர்ப்பாதையில் ரன் எடுக்க வேண்டுமென்றால் ஒன்றாவது திருப்பத்திலேயே அதற்கான இடைவெளியை உண்டாக்குங்கள். கூட்டாளிக்கு இரண்டாமிடம் கிடைக்கும் வழியாக இருந்தால் அவர் தயங்காமல் வருவார். அவருக்கு எதுவும் கிடைக்காத திட்டத்தில் அவரை நம்பாதீர்கள்.

வெற்றி நழுவுகிறது என்று தெரிந்தால் நழுவட்டும். மூன்றாவதாக முடித்த முழுக் காரில் கிடைக்கும் மதிப்பெண், வெல்லப் பாய்ந்து பதினைந்து பேரைச் சேதப்படுத்தியதில் கிடைக்காது. அந்தப் பதினைந்து பேரும் உங்கள் பெயரைக் குறித்துக்கொள்வார்கள்.

10. முடிந்த பிறகு

விபத்து நடந்திருந்தால் ரீப்ளேயை முதலில் எதிராளியின் காரிலிருந்து பாருங்கள், அப்புறம் உங்களுடையதிலிருந்து. பத்தில் ஏழெட்டு முறை, திட்டமிட்ட மோதலாகத் தோன்றியது, அவருக்கு இடமில்லாமல் போனதாகத் தெரியும். உங்கள் தப்பு என்றால் அன்றைக்கே செய்தி அனுப்பி ஒப்புக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே இடித்தது தெளிவாகத் தெரிந்தால் ரீப்ளேயைச் சேமித்து முறைப்படி புகார் கொடுங்கள். தடத்திலேயே பழிவாங்கினால் நீங்களும் அதே புகாரில் சேருவீர்கள்.

நன்றாக ஓட்டியவர்களின் பெயர்களை நண்பர் பட்டியலில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். சில வாரங்களில் தொடக்க வரிசையைப் பார்த்ததுமே யாரோடு சேர்ந்து ஓடலாம், யாருக்குக் கூடுதல் இடம் விட வேண்டும் என்று தெரியும். அப்புறம் ஒரு லீகில் சேருவதைப் பற்றி யோசியுங்கள். சேருமுன் அவர்கள் ஒளிபரப்பிய ஒரு பந்தயத்தை முழுவதும் பாருங்கள்: மஞ்சள் கொடி எத்தனை முறை வருகிறது, விபத்துக்குப் பிறகு மைக்கில் என்ன பேசுகிறார்கள், நடுவர்கள் தீர்ப்பை எழுத்தில் தருகிறார்களா என்று கவனியுங்கள். பந்தய நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றிப் பார்க்கவும் மறக்காதீர்கள். அமெரிக்க லீகுகளின் மாலைப் பந்தயம் நமக்கு விடிகாலை.